‘எனக்கும் வருமா?’: கணக்கில் விட்டுப்போகும் மூன்றாவது ஆள்

ஒரு வீட்டில் யாருக்காவது முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்றோ லூபஸ் என்றோ, எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கும் ஓர் ஆட்டோ இம்யூன் நோய் உறுதியாகிவிட்டால், அடுத்த சில நாட்களுக்குள் இரண்டு வாக்கியங்கள் காதில் விழுந்துவிடும். ஒன்று, “ரத்தத்துலயே இருக்கு, நாம என்ன பண்ண முடியும்.” இன்னொன்று, “நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கியிருந்தா இதெல்லாம் வந்திருக்குமா?” முதலாவது கையைக் கட்டிப்போடுகிறது. இரண்டாவது விரலை நீட்டுகிறது. சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், இரண்டிலும் ஓர் இழை உண்மையும் உண்டு. ஆனாலும் இரண்டும் உறுத்திக்கொண்டே இருக்கின்றன. நோயாளியின் மகளோ தம்பியோ தயங்கித் தயங்கி “எனக்கும் வருமா டாக்டர்?” என்று கேட்கும்போது, இந்த இரண்டில் எதை வைத்தும் அவர்களுக்கு ஒரு உருப்படியான பதில் சொல்லிவிட முடியாது.

கொஞ்சம் படித்தவர்கள் இதற்கு ஒரு சமரசம் வைத்திருக்கிறார்கள்: “இத்தனை சதவீதம் ஜீன், மிச்சம் பழக்கவழக்கம்.” கேட்க நியாயமாக இருக்கும். எனக்கு மற்ற இரண்டையும்விட இதுதான் ஆபத்தாகப் படுகிறது. ஒரு தோசையை இரண்டாக வெட்டுவதுபோல நோயை ஜீனுக்கும் பழக்கத்துக்கும் பங்கு போட முடியாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அவை கூட்டல் கணக்கில் சேர்வதில்லை, ஒன்றை ஒன்று பெரிதாக்குகின்றன. மற்றது, பங்குக்கு வரும் ஆட்கள் இரண்டு பேர் இல்லை, மூன்று பேர்.

ஒரே ஜீன், வேறு வேறு சீட்டு

மூன்றாவது ஆளைப் பார்க்க, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களிடம் போக வேண்டும். இருவருக்கும் மரபணு கிட்டத்தட்ட அச்சு அசல். ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால் மற்றவருக்கும் வருவது நூற்றுக்கு ஏறத்தாழ 15 ஜோடிகளில்தான். மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சேதமாகும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸில் இது ஏறத்தாழ 25. கோதுமையின் குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயில் மட்டும் 75 வரை ஏறுகிறது. இந்த எண்களைப் பார்த்தவுடன் பலரும் செய்யும் கழித்தல்: “முடக்குவாதத்தில் 15 போக மீதி 85 பழக்கவழக்கம்தானே?” இல்லை. அந்த 85-க்குள் பழக்கம், தொற்று, சூழல் எல்லாம் இருக்கின்றன. கூடவே சுத்தமான தற்செயலும் இருக்கிறது. அதுதான் மூன்றாவது ஆள்.

தற்செயல் என்று சும்மா கைவிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அதற்கு உடலில் ஒரு குறிப்பிட்ட இடமும் வேலைமுறையும் உண்டு. எதிர்ப்பு சக்தியின் வெள்ளணுக்களான நமது டி செல்களும் பி செல்களும் கிருமியை அடையாளம் காணப் பயன்படுத்தும் ஏற்பிகள், ஜீனில் முழுசாக எழுதப்பட்டு வருவதில்லை. துண்டுகளாக வருகின்றன. ஒவ்வொரு செல்லும் வளரும்போது அந்தத் துண்டுகளில் சிலவற்றைத் தேர்ந்து, வெட்டி, ஒட்டி, ஒட்டும் இடத்தில் சில எழுத்துகளைத் தன்னிஷ்டத்துக்குச் சேர்த்துக்கொள்கிறது. இதை ஜப்பானிய விஞ்ஞானி சுசுமு டொனெகாவா 1976-ல் ஆன்டிபாடி ஜீன்களில் காட்டினார், 1987-ல் நோபல் பரிசு பெற்றார். ஆக, இரட்டையர் இருவருக்கும் ஒரே சீட்டுக்கட்டுதான். ஆனால் கலைத்துப் போடுவது தனித்தனியாக நடக்கிறது, விழும் கை வேறு. அப்படி உருவாகும் செல்களில் சொந்த உடலையே தாக்கக்கூடியவை நிறைய இருக்கும். டி செல்களில் அவற்றைப் பொறுக்கி அழிப்பது நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியின் வேலை. அது கெட்டிக்காரச் சல்லடைதான் என்றாலும் ஓட்டையில்லாத சல்லடை கிடையாது. எல்லாரிடமும் சில தப்பித்துவிடுகின்றன. யாரிடம் எது தப்பியது என்பதில் அவரது ஒழுக்கத்துக்குச் சம்பந்தமே இல்லை.

மேலே உள்ள பத்தியை நோயாளிகளைவிட அவர்களின் சொந்தக்காரர்கள் படிப்பது நல்லது.

சார்ஜ் இழந்த ஓர் அமினோ அமிலம்

அப்படியானால் எல்லாம் விதி என்று விட்டுவிடலாமா என்றால், அதற்கு எதிரான மிக வலுவான சான்று ஸ்வீடனிலிருந்து 2006-ல் வந்தது. என் பார்வையில் இந்த முழு விவாதமும் திரும்பிய இடம் அதுதான். முடக்குவாதத்துக்கு மிக நெருக்கமான மரபணு, எச்.எல்.ஏ. டி.ஆர்.பி.1 என்பதன் சில வகைகள். அவற்றில் பொதுவாகக் காணப்படும் ஐந்து அமினோ அமிலத் தொடரைத்தான் ‘ஷேர்டு எபிடோப்’ என்கிறார்கள். ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஆன்டி சி.சி.பி. என்ற ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கும் முடக்குவாதத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். இந்த ஜீனும் இல்லை, சிகரெட்டும் இல்லை என்பவரின் அபாயத்தை 1 என்று வையுங்கள். ஜீன் இல்லாமல் புகைப்பவருக்கு 1.5. தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஜீன் வந்து, புகைக்காமல் இருப்பவருக்கு ஏறத்தாழ 5. இரண்டு பிரதியும் இருந்து, புகைக்கவும் செய்பவருக்கு 21.

1.5-ஐயும் 5-ஐயும் எப்படிக் கூட்டினாலும் 21 வராது, பெருக்கினால்கூட வராது. இங்கே எத்தனை சதவீதம் ஜீன், எத்தனை சதவீதம் சிகரெட் என்று யாராவது கேட்டால், கேள்வியே தப்பு. ஒரு செவ்வகத்தின் பரப்பில் நீளத்தின் பங்கு எவ்வளவு, அகலத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்பதுபோல.

ஏன் இப்படி ஆகிறது என்பது இந்தத் துறையின் அழகான விளக்கங்களில் ஒன்று. புகை நுரையீரலில் இடைவிடாமல் உரசும்போது, அங்கே ‘பேட்’ எனப்படும் என்சைம்கள் கூடுதலாக வேலை செய்யத் தொடங்குகின்றன. அவை புரதத்தில் இருக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை சிட்ரூலின் ஆக்கிவிடுகின்றன. பார்வைக்கு மிகச் சிறிய மாற்றம்: ஆர்ஜினினுக்கு இருந்த நேர்மின் சுமை போய்விடுகிறது, அவ்வளவே. இப்போது எச்.எல்.ஏ. மூலக்கூறைப் பாருங்கள். புரதத் துணுக்குகளை ஏந்தி டி செல்லிடம் காட்டும் தட்டு அது. ஷேர்டு எபிடோப் உள்ளவர்களிடம் அந்தத் தட்டில் நாலாவது குழி நேர்மின் தன்மை கொண்டது. நேரும் நேரும் விலக்கும் என்பதால் ஆர்ஜினின் அந்தக் குழியில் உட்காராது. சுமை இழந்த சிட்ரூலின் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். அதாவது ஜீன் ஒரு பூட்டைச் செய்து வைத்திருக்கிறது, புகை அதற்குச் சாவி அராவித் தருகிறது. பூட்டு மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சாவி மட்டும் இருந்தாலும் அப்படியே. இரண்டும் இருந்து, அந்தத் துணுக்கை அடையாளம் காணும் டி செல் ஒன்று தைமஸிலிருந்து தப்பியும் இருந்தால் கதை தொடங்குகிறது. மூன்றாவது ஆள் இங்கேதான் வந்து உட்காருகிறார்.

ஆனால் சிகரெட்டை எல்லா ஆட்டோ இம்யூன் நோய்க்கும் பொது வில்லனாக்கிவிடக் கூடாது. குடல் நோய்களில் க்ரோன் நோயை அது மோசமாக்குகிறது. பக்கத்து வீட்டுக்காரரான அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ புகைப்பவர்களிடம் குறைவாகத்தான் இருக்கிறது, விட்ட பிறகு தலைகாட்டுவதும் உண்டு. இதைக் கேட்டு யாரும் பற்றவைக்க வேண்டாம், இதயமும் நுரையீரலும் அதே உடலில்தான் இருக்கின்றன. ‘எதிர்ப்பு சக்தியைச் சீராக்கும் ஒரே வாழ்க்கை முறை’ என்று யாராவது விற்க வந்தால் இந்த ஒரு முரணை அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு நோய்க்கும் பூட்டு வேறு, சாவி வேறு. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸின் முக்கியச் சாவி ஒரு பழக்கமே இல்லை, எப்ஸ்டீன் பார் வைரஸ். 1 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவத்தினரின் பதிவுகளை வைத்து 2022-ல் வெளியான ஆய்வில், அந்தத் தொற்றுக்குப் பின் அபாயம் 32 மடங்கு ஏறியது. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் அந்த வைரஸைச் சுமந்துகொண்டுதான் திரிகிறோம். மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை.

நேற்று சாப்பிட்டதில் இல்லை

“போன மாசம் அந்தக் காய்ச்சல் வந்ததிலிருந்துதான்”, “பல்லைப் பிடுங்கின பிறகுதான்” என்று தேதி குறித்துச் சொல்வார்கள். ஆம்ஸ்டர்டாமில் ரத்ததானம் செய்தவர்களில் பின்னாளில் முடக்குவாதம் வந்த 79 பேரின் சேமித்துவைத்த பழைய ரத்தத்தை எடுத்துச் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு, மூட்டில் ஒரு வலியும் இல்லாத காலத்திலேயே இந்த நோய்க்குரிய ஆன்டிபாடி இருந்தது. நடுத்தர இடைவெளி நாலரை ஆண்டு. லூபஸிலும் இதே கதைதான்: 2003-ல் வந்த அமெரிக்க ராணுவ ரத்த மாதிரி ஆய்வில், 130 நோயாளிகளில் 88 சதவீதம் பேருக்கு நோய் தெரியும் முன்பே குறைந்தது ஓர் ஆன்டிபாடியாவது தென்பட்டது. சிலருக்கு 9 ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக.

ஆகவே நோய் வந்த வாரத்தின் சாப்பாட்டையோ சண்டையையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் பெரும்பாலும் அர்த்தமில்லை. பழக்கத்தை மாற்றுவதன் பலனும் அதே மெதுவான வேகத்தில்தான் வரும். ஸ்வீடன் பெண்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில், நாளொன்றுக்கு 1 முதல் 7 சிகரெட் மட்டும் பிடித்தவர்களுக்கே அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. “குறைச்சுக்கிட்டேன்” என்பது இந்த விஷயத்தில் செல்லாத நாணயம். விட்டு 15 ஆண்டு ஆனவர்களுக்கு அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, ஆனாலும் ஒருபோதும் புகைக்காதவரின் அளவுக்கு இறங்கவில்லை. ஒருவருக்கு நோய் வந்த வீட்டில் இந்தச் செய்தி முதலில் போய்ச் சேர வேண்டியது இருபது வயதுக்காரர்களிடம்.

வைட்டமின் டி பற்றிய உற்சாகத்தையும் இந்தக் கணக்கோடு பார்க்க வேண்டும். 25,871 பேரிடம் நடந்த ‘வைட்டல்’ சோதனை ஒழுங்காகச் சீட்டுப் போட்டுப் பிரித்து நடத்தப்பட்டது. ஆண்கள் 50 வயதுக்கும் பெண்கள் 55 வயதுக்கும் மேல், தினம் 2,000 ஐ.யு., சராசரி 5.3 ஆண்டு. ஆட்டோ இம்யூன் நோய்கள் 22 சதவீதம் குறைந்தன என்று 2022-ல் தலைப்புச் செய்தி வந்தது. அந்தச் சதவீதத்தைப் பிரித்துப் பார்த்தால்: மாத்திரை எடுத்தவர்களில் 123 பேருக்கு நோய், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 155 பேருக்கு. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 12,900 பேர். அதாவது சுமார் 400 பேர் ஐந்து ஆண்டு விடாமல் விழுங்கினால் ஒருவருக்குத் தப்பும். நிறுத்திய பிறகு பலன் தேய்ந்துபோனதையும் பின்தொடர்ந்து பார்த்துவிட்டார்கள். பொய்யான பலன் என்று சொல்லவில்லை. குடும்பத்தில் நோய் உள்ள, ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருக்கும் ஒருவர் தினம் 2,000 ஐ.யு. வரை எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மேல் வரம்பு 4,000. தப்பு நடக்கும் இடம் வேறு: வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்த பெரிய டோஸைத் தினம் ஒன்றாகப் போட்டுக்கொள்வது. கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் அது உடலில் தேங்கும். கால்சியம் ஏறி, தாகம், வாந்தி, மலச்சிக்கல் என்று தொடங்கி சிறுநீரகத்தில் கைவைக்கும்.

உடல் எடையை விரைவாகக் கடந்துவிடுகிறேன். பருமன் சொரியாசிஸுக்கும் சொரியாட்டிக் மூட்டு அழற்சிக்கும் வழிவிடுகிறது, பதின்பருவத்தில் இருந்தால் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் அபாயத்தையும் ஏற்றுகிறது. தூசியில் வேலை செய்பவர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. கல் உடைப்பது, கல் அறுப்பது, மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வது போன்ற வேலைகளில் கிளம்பும் சிலிக்காத் தூசி முடக்குவாதம், லூபஸ், தோல் இறுகும் ஸ்க்ளிரோடெர்மா மூன்றோடும் தொடர்புடையது. துணியை முகத்தில் கட்டிக்கொண்டால் அந்த நுண்தூசி நிற்காது. அறுக்கும் இடத்தில் தண்ணீர் விட்டுத் தூசியை அடக்க வேண்டும், முகத்தோடு பொருந்தும் வடிகட்டி மாஸ்க் போட வேண்டும். இதை ‘வாழ்க்கை முறை’ என்ற தலைப்பில் சேர்ப்பதே எனக்கு ஒப்பவில்லை. அது பிழைப்பு.

ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

அடுத்த கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பெரும்பாலும் வேண்டாம் என்பேன். எச்.எல்.ஏ. பி27 என்ற ஜீன் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பு இறுகும் ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸோடு அதற்கிருக்கும் உறவு 1973-லேயே தெரிந்தது. ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது இருக்கிறது. திருப்பிப் போட்டுப் பாருங்கள்: பி27 உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் நோய் வருகிறது. முதுகுவலியே இல்லாத ஒருவரின் கையில் ‘பி27 பாசிட்டிவ்’ என்ற தாளைக் கொடுத்தால், அவருக்கு வராத நோயின் பயத்தை மட்டும் கொடுக்கிறோம். செல்லின் கருவுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனையும் இப்படித்தான். 1:80 என்ற அளவுக்கு ரத்தத்தை நீர்த்துப் பார்த்தால் ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு அது பாசிட்டிவ் வரும். முழு உடல் பரிசோதனைப் பொட்டலத்தில் இதைச் சேர்த்து வைத்திருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

சீலியாக் மட்டும் விதிவிலக்கு. அங்கே டி.க்யூ.2, டி.க்யூ.8 என்ற இரண்டு எச்.எல்.ஏ. வகைகளும் இல்லையென்று வந்தால் நோயை ஏறக்குறைய ஒதுக்கிவிடலாம். ‘வரும்’ என்று சொல்லத் தெரியாத அந்த டெஸ்டுக்கு ‘வராது’ என்று சொல்லத் தெரியும். அந்த வகைகளில் ஒன்றாவது இருப்பவர்கள் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு, நோய் வருவது நூற்றுக்கு ஒருவருக்கு. பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சந்தேகம் வந்தவுடன் தாங்களே கோதுமையை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைக்குப் போவார்கள். குளூட்டன் நின்றுவிட்டால் ஆன்டிபாடி அளவும் இறங்கிவிடும், ரிசல்ட் பொய்யாக நெகட்டிவ் வரலாம். மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டுமென்றால் வாரக்கணக்கில் தினமும் கோதுமை சாப்பிட வேண்டியிருக்கும், வயிறு அதற்குள் அதை வெறுக்கத் தொடங்கியிருக்கும். ஆகவே முதலில் சீலியாக் ஆன்டிபாடியைத் தேடும் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. டெஸ்ட். கூடவே ஐ.ஜி.ஏ. என்ற ஆன்டிபாடி வகையின் மொத்த அளவு, ஏனென்றால் அது பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு முதல் டெஸ்ட் ஏமாற்றிவிடும். நிறுத்துவதெல்லாம் அதற்குப் பிறகு.

ஜீன் டெஸ்டைவிட மலிவானதும் பயனுள்ளதும் ஒன்று இருக்கிறது: ஒரு தாளில் குடும்ப மரம். ஆனால் ‘பாட்டிக்கு மூட்டுவலி’ என்று எழுதினால் பிரயோசனமில்லை. முழங்காலில், நடந்து முடித்த மாலையில் வலி என்றால் அது தேய்மானமாகத்தான் இருக்கும். விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரம் விரல் மடங்காமல் இருந்தது என்றால் முடக்குவாதமாக இருக்கலாம். ‘சித்தப்பாவுக்கு சுகர், ஊசி போடுறார்’ என்பதும் போதாது, டைப் 2 காரர்களும் இன்சுலின் போடுகிறார்கள். எந்த வயதில் வந்தது, முதல் நாளிலிருந்தே இன்சுலினா என்று கேட்டு எழுத வேண்டும். தைராய்டு, வெண்குஷ்டம் என்று தவறாக அழைக்கப்படும் வெண்புள்ளி, சொரியாசிஸ், மாதக்கணக்கில் நீண்ட வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் சேருங்கள். பி.டி.பி.என்.22 போன்ற ஜீன்கள் ஒரே நோய்க்கு மட்டும் சொந்தமில்லை. அம்மாவுக்குத் தைராய்டாகவும் மகளுக்கு முடக்குவாதமாகவும் அதே சாய்வு வெளிப்படலாம்.

இனி அந்த மகளின் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் போட்ட கணக்குப்படி ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் முடக்குவாதம் வரும் வாய்ப்பு 3.6 சதவீதம். அம்மாவுக்கு இருந்தால் தோராயமாக மூன்று மடங்கு என்று வையுங்கள், நூற்றுக்குப் பத்து பதினொன்று. அதாவது நூற்றில் ஏறத்தாழ தொண்ணூறு மகள்களுக்கு வராது. “புகைக்காதே, எடையைப் பார்த்துக்கொள், ரத்தப் பரிசோதனை இப்போது வேண்டாம்” என்று அவளிடம் சொல்லலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: காலையில் எழுந்ததும் கை விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகி இருந்தால், கை குலுக்கும்போது விரல் அடிக்கணுக்கள் நொந்தால், மோதிரம் காரணமில்லாமல் இறுக்கினால், ‘குளிர்காலம், சரியாயிடும்’ என்று விடக் கூடாது. வீக்கம் வடியாமல் நீடித்தால் ஆறு வாரத்துக்குள் வாதநோய் நிபுணரிடம் போக வேண்டும். வீங்கிய அன்றே கையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும், அப்பாயின்ட்மென்ட் நாளில் வீக்கம் வடிந்திருக்கும். குடும்ப மரத் தாளும் பையில் இருக்கட்டும். அறிகுறி தொடங்கி மூன்று மாதத்துக்குள் மெத்தோட்ரெக்சேட் போன்ற, நோயையே அடக்கும் மருந்து தொடங்கியவர்களின் மூட்டும், ஒரு வருடம் வலி மாத்திரையில் ஓட்டிவிட்டு வந்தவர்களின் மூட்டும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோல இருப்பதில்லை.